அடைந்துவிடும் என்று காத்திருக்கலாமா? ஒரு தாய்மாமனுக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த எக்கோ அறிக்கையின் நகலும் கிடைத்தன. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள் என்று நீங்களே சொன்னதால் பொதுவில் எழுதுகிறேன். அக்காவின் மகனுக்கு மூன்று மாதம். எடை 3 கிலோ 700 கிராம். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் ஓட்டை. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுதல். ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். உங்கள் அம்மாவோ, "பச்சப் பிள்ளை நெஞ்சைப் பிளக்கவா? அஞ்சு வயசு ஆகட்டும், அதுக்குள்ள தானா அடைஞ்சிரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். நான் குழந்தையைப் பார்க்கவில்லை. பார்த்தவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய தாளை வைத்துப் பார்த்தால் அவர் அவசரப்படுத்தவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. இதை அம்மாவுக்கும் நீங்கள் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மா பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டை இருந்ததும் அது தானாக அடைந்ததும் உண்மையாகவே இருக்கும். பிறவி இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது வி.எஸ்.டி. எனப்படும் இந்தக் கீழறைச் சுவர் ஓட்டைதான். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. சுவரின் தசைப் பகுதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும் துளை, சுற்றியுள்ள தசை வளர்ந்து தடிக்கத் தடிக்க, முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மூடிக்கொள்வது சாதாரணம். அந்தப் பிள்ளைகள் நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும், தூங்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மட்டும் நெஞ்சில் பலத்த இரைச்சல் கேட்கும். சத்தம் பெரிதாக இருந்தும் ஆள் நலமாக இருப்பதை 1879லேயே பாரிஸ் மருத்துவர் ஆன்ரி ரோஜர் எழுதிவைத்திருக்கிறார். துளை சிறியதாக இருந்தால் அதன் வழியே ரத்தம் பீய்ச்சி அடிக்கும், அதனால் சத்தம் அதிகம். ஓட்டை பெரிதென்றால் சத்தம் குறைந்தும் இருக்கலாம். ஆகவே "டாக்டர் லேசாத்தான் சத்தம் கேக்குதுன்னாரு" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகனின் கதை வேறு. மூன்று மாதக் குழந்தைக்கு 7 மில்லிமீட்டர் என்பது அவனுடைய மகாதமனியின் வாய் அளவு. ஓட்டை இருக்கும் இடமும் வேறு. தசைப் பகுதியில் இல்லை, மகாதமனி வால்வுக்கு அடியில், சுவரின் மெல்லிய சவ்வுப் பகுதியில். இந்த இடத்துத் துளைகளும் சில சமயம் சுருங்கும். ஆனால் இவ்வளவு பெரிய துளை சுருங்கும்வரை நுரையீரல் தாங்காது. அந்த நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பது புரிந்தால் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் புரிந்துவிடும்.

இதயத்தின் இடப்பக்கக் கீழறை உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது. அங்கே அழுத்தம் அதிகம். வலப்பக்கக் கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவது, அங்கே குறைவு. இரண்டுக்கும் நடுவில் உடைப்பு இருந்தால், மேட்டுக் கண்மாய்த் தண்ணீர் பள்ளத்துக் கண்மாய்க்குப் பாய்வதுபோல, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பங்கு ரத்தம் இடமிருந்து வலமாகப் பாய்ந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகும். சுத்தமான ரத்தம்தான்; ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய் வந்ததுதான். அதையே திரும்பத் திரும்ப அனுப்புவதால் நுரையீரல் ஊறிப்போய்க் கனக்கிறது. இதயம் இரண்டு மூன்று மடங்கு வேலை செய்கிறது. உடம்புக்குப் போக வேண்டியது குறைகிறது.

"பிறந்தப்ப நல்லாத்தானே இருந்தான், ஆஸ்பத்திரியில சரியாப் பாக்காம விட்டுட்டாங்களா?" என்று மச்சான் கோபப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான சந்தேகம்தான். கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. அதன் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்த பிறகும் அந்த இறுக்கம் ஒரே நாளில் தளர்வதில்லை. முழுவதும் தளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரு பக்க அழுத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஓட்டை வழியே பாய்ச்சலும் குறைவு, சத்தமும் குறைவு. பெரிய வி.எஸ்.டி. உள்ள குழந்தை முதல் மாதம் நல்லபடியாக இருந்துவிட்டு இரண்டாம் மாதத்தில் திணறத் தொடங்குவது இதனால்தான். யாருடைய கவனக்குறைவும் இல்லாமலேயே இப்படி நடக்கும்.

அந்த இரண்டாம் மாதத்தில் உங்கள் வீட்டில் நடந்தவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறான், நெற்றியும் உச்சந்தலையும் வியர்த்துக் கொட்டுகிறது, கொஞ்சம் தூங்கி மறுபடி பசித்து அழுகிறான். அக்காவுக்குப் பால் பத்தவில்லை என்றார்கள். பிறகு மாந்தம் என்று உரைமருந்து கொடுத்தார்கள், தொக்கம் எடுத்தார்கள். பிறகு சளி என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக். இதய மருத்துவரிடம் வந்து சேரும் பெரும்பாலான குழந்தைகள் இதே வழியில்தான் வந்து சேர்கின்றன. பெரியவர்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மூன்று மாதக் குழந்தைக்குப் பால் உறிஞ்சுவதுதான் மாடி ஏறுவது. இதயத்தின் பலவீனம் முதலில் தெரிவது அங்கேதான்.

இன்னொரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. அதோடு பால் குடிக்கையில் வியர்வையும் எடை ஏறாததும் சேர்ந்தால், சளி மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாமல் எக்கோ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எக்கோவில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. குழந்தையைத் தூங்கவைப்பதுதான் அதில் உள்ள ஒரே கஷ்டம்.

அம்மாவின் இன்னொரு வாதம், "கொஞ்சம் உடம்பு தேறட்டும், அஞ்சு கிலோவாவது வரட்டும்." ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படிச் சொன்னதுண்டு. அப்போது அவ்வளவு சின்ன உடம்புக்கு ஏற்ற கருவிகளும் தீவிர சிகிச்சையும் பரவலாக இல்லை. இப்போது மூன்று கிலோ குழந்தைகளுக்கும் நல்ல மையங்களில் இதே ஆபரேஷன் நடக்கிறது. எடை ஏறட்டும் என்று காத்திருப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. குடிக்கும் பாலின் சத்தையெல்லாம் அந்த ஓயாத மூச்சும் இதயத்தின் ஓட்டமும் தின்றுவிடுகின்றன. ஓட்டை இருக்கும்வரை எடை ஏறாது. எடை ஏறினால்தான் ஓட்டையை அடைப்பது என்றால் இரண்டும் நடக்காது.

இனி நான் எழுதப்போவதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பல குழந்தைகள் நிமோனியாவிலோ இதயச் செயலிழப்பிலோ முதல் ஆண்டிலேயே போய்விடும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஒரு விசித்திரம் நடக்கும். ஒரு வயதை நெருங்கும்போதோ தாண்டிய பிறகோ குழந்தை தேறத் தொடங்கும். மூச்சு வாங்குவது குறையும், சளி பிடிப்பது குறையும், பால் இறங்கும், கன்னம் வைக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஓட்டை அடைந்துவிட்டது, நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்பார்கள். ஓட்டை அடைந்திருக்காது. ஓயாத வெள்ளத்தைத் தாங்க முடியாமல் நுரையீரலின் சிறு ரத்தக்குழாய்கள் சுவர் தடித்துக் குறுகியிருக்கும். குறுகியதால் உள்ளே பாயும் ரத்தம் குறைந்திருக்கும். அதனால் மூச்சு எளிதாகியிருக்கும். அந்தத் தடிப்பு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் திரும்பாது. இப்படிப் பெரிய ஓட்டை உள்ளவர்களில் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே அந்தக் கட்டம் வந்துவிடலாம்.

பிறகு ஆண்டுகள் போகப் போக நுரையீரல் பக்கத்து அழுத்தம் உடம்புப் பக்கத்து அழுத்தத்தையும் மிஞ்சும். ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் நேராக உடம்புக்குப் போகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், விரல் நுனிகள் உருண்டு தடிக்கும். வியன்னாவில் விக்டர் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் 1897ல் இப்படிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இந்த நிலையை இன்றும் அழைக்கிறோம். இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஓட்டையை மூடக் கூடாது. மூடினால், நுரையீரல் வாங்க மறுக்கும் ரத்தத்துக்கு வேறு போக்கிடம் இல்லாமல் வலப்பக்க இதயம் நின்றுபோகும். ஆறாம் மாதத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்திருக்கக் கூடிய வேலை, பதினாறு வயதில் யாராலும் செய்ய முடியாத வேலையாகிவிடும்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் அப்படி வந்த பெண்பிள்ளைகள் எனக்கு நினைவில் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதில் மயக்கம் என்று கூட்டிவருவார்கள். பழைய சீட்டுகளைப் பிரித்தால் ஒரு வயதில் எடுத்த எக்கோவும், "உடனே ஆபரேஷன்" என்று எழுதிய தாளும் இருக்கும். "அப்புறம் நல்லாயிட்டாளே டாக்டர்" என்பார் அப்பா. இந்த நிலையில் உள்ள பெண் கருவுற்றால் உயிருக்கே பெரிய ஆபத்து. கர்ப்பம் வேண்டாம் என்றுதான் எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். அதை அந்த வயதுப் பெண்ணிடம் அவளுடைய அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு அம்மா உங்களிடம் கேட்கும் ஐந்து ஆண்டுக்கு என்ன விலை என்று நான் சொல்லத் தேவை இருக்காது.

பச்சைக் குழந்தையின் இதயத்தைத் திறப்பதைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். இந்த ஓட்டையை முதன்முதலில் மூடியவர்களுக்கே அந்தப் பயம் இருந்தது. 1954 மார்ச் 26ம் தேதி, அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவரின் முன் 13 மாத ஆண் குழந்தை, உங்கள் மருமகனுக்கு இருக்கும் அதே குறையோடு. உள்ளே தைக்க வேண்டுமானால் இதயத்தில் ரத்தம் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் உடம்புக்கு யார் ரத்தம் அனுப்புவது? இதய நுரையீரல் இயந்திரம் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பனின் கையில் ஒரு தடவை வெற்றி கண்டிருந்தது. குழந்தைகளுக்கு அதை நம்ப முடியவில்லை. லில்லஹை குழந்தையின் தகப்பனையே பக்கத்து மேசையில் படுக்கவைத்தார். இருவரின் ரத்தக்குழாய்களையும் குழாய்களாலும் ஒரு சாதாரணப் பம்பாலும் இணைத்தார். மகனின் இதயம் திறந்து கிடந்த நேரம் முழுவதும் தகப்பனின் இதயமும் நுரையீரலும் இரண்டு உடம்புகளுக்கும் உழைத்தன. ஒரே ஆபரேஷனில் இரண்டு பேரைக் கொல்லக்கூடிய வித்தை என்று சக மருத்துவர்கள் திட்டினார்கள்.

ஓட்டை மூடப்பட்டது. குழந்தை 11 நாள் இருந்து நிமோனியாவில் இறந்துபோனது. லில்லஹை நிறுத்தவில்லை, பெற்றோர்களும் நிறுத்தவில்லை. இந்த முறையில் 45 பேருக்கு ஆபரேஷன் நடந்தது, 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். வேறு வழியே இல்லாத நோயில் 28 பேர். 1955க்குள் நம்பத்தகுந்த இயந்திரங்கள் வந்துவிட்டன. பெற்றோரைப் படுக்கவைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

இன்னொரு சிக்கல் இருந்தது. இதயத்துக்குத் துடிப்புக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய நரம்பு போன்ற இழை இந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே போகிறது. தையல் அதில் பட்டால் துடிப்பு அறுந்துவிடும். ஆரம்ப காலத்தில் பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆனது. சுவர் பிளக்கில் செருகிய பெரிய கருவியால் துடிப்பைத் தூண்டிக் காப்பாற்றினார்கள். 1957 அக்டோபர் 31ம் தேதி மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. பிளக்கை நம்பி இருக்க முடியாது என்று லில்லஹை, ஏர்ல் பாக்கன் என்ற மின் பொறியாளரைக் கேட்டார். அவர் தன் கராஜில் உட்கார்ந்து சில வாரங்களில் பாட்டரியில் ஓடும் கைக்கடக்கமான பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். இன்று நம் ஊர்த் தாத்தாக்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பேஸ்மேக்கருக்கு இந்தக் குழந்தைகள்தான் முன்னோடிகள். அந்த இழை எங்கே ஓடுகிறது என்பது பின்னால் துல்லியமாகத் தெரிந்துவிட்டதால் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படும் நிலை இப்போது நூற்றில் ஒருவருக்கு அருகில்தான்.

"டிவைஸ் வைத்துத் தொடை வழியாகவே அடைக்க முடியாதா?" என்று கேட்டிருந்தீர்கள். மேல் அறைச் சுவரில் உள்ள ஏ.எஸ்.டி.க்கும், பிறந்த பிறகும் மூடாமல் நிற்கும் ரத்தக்குழாயான பி.டி.ஏ.வுக்கும், சில வி.எஸ்.டி.களுக்கும் முடியும், நெஞ்சில் தழும்பே இல்லாமல் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் உங்கள் மருமகனின் ஓட்டை வால்வையும் அந்த இழையையும் ஒட்டி இருக்கிறது, அவன் ரத்தக்குழாய்களும் மிகச் சிறியவை. அவனுக்குத் தையல்தான் பாதுகாப்பு. நெஞ்செலும்பின் நடுவே திறந்து, இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை மருந்தால் நிறுத்துவார்கள். கீழ் அறையை வெட்டாமல், வலப்பக்க மேல் அறையைத் திறந்து வால்வு வழியாகவே ஓட்டையை எட்டி, ஒரு சிறிய ஒட்டுத்துண்டை வைத்துத் தைப்பார்கள். ஐ.சி.யூ.வில் சில நாள், மொத்தம் ஒரு வாரம் பத்து நாள். தேர்ந்த மையங்களில் நூறு குழந்தைகளில் 98, 99 பேர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். மீதி ஒன்றிரண்டை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆபரேஷனே செய்யாவிட்டால் உள்ள கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது குழாய்களையும் வயர்களையும் பார்த்து அக்கா கலங்குவாள். முன்கூட்டியே ஒரு படத்தைக் காட்டிவிடுங்கள். நர்ஸுகளிடம் கேட்டால் என்னென்ன குழாய் எதற்கு என்று சொல்வார்கள்.

ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிக்கும் குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பத்திரிகையில் வரும் கடிதம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில குறைகளில் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே ஆபத்து. கருவில் இருக்கையில் நுரையீரலைச் சுற்றிப்போகும் ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்து இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடிவிடும். சிலருக்கு அந்தக் குழாய் வழியாகத்தான் உயிரே ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவமனையில் நன்றாக இருந்து, டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டில் திடீரென்று துவண்டுபோகும் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்டவர்கள். புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஏற்றினால் அந்தக் குழாயைத் திறந்தே வைத்து ஆபரேஷன்வரை கொண்டுபோகலாம். இந்தக் குறைகளில் பலவற்றைக் கண்டுபிடிக்க, பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தால் போதும். இரண்டிலும் 95க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் உடனே எக்கோ. கொரோனாவில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே சோதனைதான். குழந்தைக்கென்று செய்த ஒட்டுப்பட்டை மட்டும் வேண்டும். பிரசவம் பார்க்கும் எல்லா இடத்திலும் இதைக் கட்டாயமாக்குவதற்குச் செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது. நம் பிள்ளைகளின் நிறத்தில் நீலம் கண்ணுக்குத் தெரிவது கடினம் என்பதால் நமக்கு இது இன்னும் அவசியம். உதட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் நாக்கையும் ஈறையும் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்திய இடம். ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால் இப்படி ஆயிற்று என்று அக்காவை எல்லோரும் சொல்கிறார்கள். "எங்க வம்சத்துல இல்லாத சீக்கு" என்கிறார் அக்காவின் மாமியாரான அத்தை. கரு உருவாகி 22 நாள் அளவில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரத்துக்குள் சுவர்கள் எழும்பிவிடுகின்றன. ஏழாம் மாதத்துக் கிரகணம் அதை ஒன்றும் செய்ய முடியாது. அத்தை உங்கள் அப்பாவோடு கூடப் பிறந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் வம்சம் எது, உங்கள் வம்சம் எது?

நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு இந்தக் குறை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது பெரியவர்கள், அக்கா இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா, கட்டுப்படாத சர்க்கரை நோய், வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள், டவுன் சிண்ட்ரோம் (அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும்) இவையெல்லாம் தெரிந்த காரணங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதில் எதுவுமே இருக்காது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு, இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அத்தனை தாய்மார்களும் கிரகணத்தில் வெளியே வந்தவர்கள் இல்லை. அக்கா அடுத்த குழந்தையைப் பற்றிப் பயந்தால், மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு மூன்று என்று சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ பார்க்கலாம்.

பணத்துக்கு நகையை அடகு வைக்கும் முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்றும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். 2013ல் நாடு முழுவதும் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதற்கென்று தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. அங்கே பதிவு செய்தால் பரிந்துரைக் கடிதம் வேகமாக நகரும். தென்னாட்டில் இந்த ஆபரேஷனுக்குத் தேர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கின்றன. சென்னை முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருக்கிறது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு சத்ய சாய் மருத்துவமனையில் கட்டணமே இல்லை. கேரளம் 2017ல் ஹ்ருத்யம் என்ற திட்டத்தைத் தொடங்கி, குறை உள்ள ஒவ்வொரு குழந்தையையும் இணையத்தில் பதிந்து, வந்த வரிசையில் இல்லாமல் அவசரத்தின் வரிசையில் படுக்கை ஒதுக்குகிறது. இந்த நோயில் வாரங்கள்தான் சிகிச்சை என்பதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது, "எத்தனையாம் தேதிக்குள் செய்ய வேண்டும், அதற்குள் இடம் கிடைக்குமா?" என்பதைத்தான். கிடைக்காது என்றால் வேறு இடத்துக்குக் கடிதம் கொடுங்கள் என்று கேளுங்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், உறிஞ்சிக் களைத்துப்போனால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸ் மருந்தை ஸ்பூனில் அளக்கவே கூடாது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், எழுதிய அளவு மட்டும். தடுப்பூசி எதையும் தள்ளிப்போடாதீர்கள். நிமோனியாத் தடுப்பூசி அவனுக்கு மற்றவர்களைவிட முக்கியம். சளியோ காய்ச்சலோ இருந்தால் ஆபரேஷன் தேதி இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து திரும்பிப்போகும் குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே இருமலோடு பார்க்க வரும் சொந்தங்களை வாசலிலேயே நிறுத்துங்கள். தாய்மாமன் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முன் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அந்தக் கூட்டத்தில் சளி பிடித்தால் தேதி போய்விடும். குத்திய இடத்தில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்தால் இதயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்த பிறகும் முதல் ஆறு மாதம் அந்த அபாயம் உண்டு. ஆறு மாதம் கழித்து எக்கோ எடுத்து, மீதி ஓட்டை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னதும் நாள் பாருங்கள். அப்போது அவனுக்கு ஒரு வயதுக்குப் பக்கம் ஆகியிருக்கும், மடியில் உட்காரவைத்துப் பிடிக்க உங்களால் முடியாது. இன்னொரு மாமனையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு குழந்தை மருத்துவர்